சாட்ஃபீல்ட் ஏரி: பன்னிரண்டு அடி தண்ணீருக்காக மேடேறிய பூங்கா

ஜூன் 12, வியாழன்

ஊரிலிருந்து வந்து இறங்கிய அலுப்பு இன்னும் தீரவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, மூக்கு காய்ந்து எரிகிறது. “தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்கப்பா, குழாய்த் தண்ணியே நல்லா இருக்கும்” என்று மகள் சொம்பு சொம்பாகக் கொடுக்கிறாள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கரை என்றே காலம் தள்ளியவனுக்கு அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மாப்பிள்ளை சொன்னார். மகள் வீடு இருக்கும் ஹைலேண்ட்ஸ் ராஞ்ச், டென்வருக்குத் தெற்கே 1980களில் எழும்பிய குடியிருப்பு. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் பல காலமாக ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வளர்ந்தவை. அடியில் இருப்பது பழங்காலத்து நீர். எடுத்தால் எடுத்ததுதான், மழை பெய்து சீக்கிரம் ஊறிவிடாது. கிணறுகள் இறங்க இறங்க, ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் தேடினார்கள். அப்படிக் கிடைத்த இடம்தான் சாட்ஃபீல்ட். “பக்கத்துலதான் மாமா, கால் மணி நேரம். சாயங்காலம் போயிட்டு வருவோமா?”

போனோம். நுழைவாயிலில் பணம் கேட்கவில்லை. கொலராடோவில் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே 29 டாலர் சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த ஆண்டு முழுக்க மாநிலப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் அதே வண்டியில் போய் வரலாம். நல்ல ஏற்பாடு.

உள்ளே மேற்கே மலைத்தொடர், நடுவே ஏரி, கரையெங்கும் சுற்றுலா மேசைகள். எல்லாம் புதுசாக இருந்தது. கழிப்பறைக் கட்டடம், நிழற்கூரை, சிமென்ட் நடைபாதை, குளிக்கும் கரையில் கொட்டிய மணல் வரைக்கும் புதுசு. மரம் மட்டும் என் இடுப்பளவு. ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலை. நீர்நாய் மாதிரி பீவர் என்று ஒரு பிராணி இங்கே உண்டு, இரவோடு இரவாகக் கடித்துச் சாய்த்துவிடும் என்றாள் பேத்தி. அரை நூற்றாண்டுப் பழைய பூங்காவில் பெரிய மரங்கள் எங்கே போயின என்று கேட்டேன். அதற்கு மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. “நாங்க இந்த ஊருக்கு வந்ததே 2021லதான் மாமா.”

ஜூன் 13, வெள்ளி

காலையில் பேத்தி சைக்கிளில், நாங்கள் நடையில். வீட்டம்மா எலுமிச்சை சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்திருந்தாள். நடைபாதையை விட்டு இறங்கி தண்ணீர் ஓரமாக ஒரு சுற்று போய்வந்த பேத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை.

குனிந்து பார்த்தேன். டயரில் வரிசையாக முள். ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நெருஞ்சி! நம் வயல் வரப்பில் மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படர்ந்து கிடக்குமே, அதே நெருஞ்சி. போன வருடத்துக் காய் காய்ந்து, ஆட்டுத்தலை போல இரண்டு கொம்போடு மண்ணில் கிடக்கிறது. கொலராடோவில் இதைத் தீங்கு செய்யும் களை என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறார்களாம்.

அங்கே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கேட்காமலேயே நின்றார். பையிலிருந்து ஒட்டுப்போடும் சாமான்களை எடுத்துப் புல்லில் பரப்பினார். ட்யூபைக் கழற்றி, ஏரித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பேத்தியைக் கொண்டே கண்டுபிடிக்க வைத்தார். ஏழெட்டு ஓட்டை. அரை மணி நேரம் பிடித்தது. காசு எடுத்தேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார். எலுமிச்சை சோற்றை மட்டும் மறுக்கவில்லை. கறிவேப்பிலையையும் சேர்த்து மென்றார்.

நேற்றைய கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. சின்ன வயதிலிருந்து இந்தப் பக்கமே இருப்பவர். மண்ணைத் தோண்டிப் புரட்டிய இடத்தில்தான் நெருஞ்சி முதலில் குடியேறும் என்று ஆரம்பித்து, எதற்காகத் தோண்டினார்கள் என்பதையும் சொன்னார்.

சாட்ஃபீல்ட் அணை வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1967ல் தொடங்கி 1975ல் முடித்தது. நிலம் மத்திய அரசுடையது, அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் மாநிலம் பூங்கா நடத்துகிறது. பெருவெள்ளம் வந்தால் பிடிப்பதற்கென்று ஏரியின் பெரும் பகுதியை எப்போதும் காலியாக வைத்திருப்பார்கள். அந்தக் காலி இடத்தின் அடியிலிருந்து 12 அடியை மட்டும் எடுத்து, ஊர்களுக்கும் விவசாயத்துக்கும் தண்ணீர் சேமிக்கக் கொடுத்தார்கள். கடல் மட்டக் கணக்கில் 5,432 அடியில் நின்ற நீர் இனி 5,444 அடி வரை ஏறலாம். கூடுதலாகத் தேங்குவது 20,600 ஏக்கர்-அடி. நம் கணக்கில் ஏறத்தாழ 0.9 டிஎம்சி, செம்பரம்பாக்கம் கொள்ளளவில் கால் பங்கு.

இதைக் கேட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஏரியின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்றால் கரையை உயர்த்துவோம், கலங்கலை உயர்த்துவோம். இங்கே கரையில் ஒரு சட்டி மண் கூடப் போடவில்லை. ஆனாலும் செலவு 17 கோடி டாலருக்கும் மேல். பெரும்பங்கு போனது இரண்டு வேலைக்கு: முங்கப் போகும் பூங்காவை மேட்டில் திரும்பக் கட்டுவது, முங்கப் போகும் காட்டுக்கும் சதுப்புக்கும் ஈடு செய்வது. பணம் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் ஊர்களும் அமைப்புகளும் போட்டது. ஹைலேண்ட்ஸ் ராஞ்சுக்குத் தண்ணீர் கொடுக்கும் அமைப்பு அதில் ஒன்று. காஸில் ராக் ஊரும், வடக்கே வெல்ட் கவுண்டி விவசாயிகளுக்கான அமைப்பும் உண்டு.

நிபந்தனை கறாரானது. முங்கும் ஒவ்வொரு வசதிக்கும் அதே தரத்தில் வேறொன்று கட்டித்தர வேண்டும். மேசைக்கு மேசை, கழிப்பறைக்குக் கழிப்பறை, பாதைக்குப் பாதை. 2017 கடைசியில் வேலை ஆரம்பித்து 2020 வசந்தத்தில் தண்ணீர் தேக்க அனுமதி கிடைக்கும் அளவுக்கு முடித்தார்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே கட்டி முடித்தார்கள் என்பதை அந்தப் பெரியவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. முதலில் தண்ணீரை விட்டுவிட்டு அப்புறம் இழப்பீட்டுக்கு மனு எழுத வைக்கும் வழக்கத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ரொட்டித் துண்டோடு வந்து உட்காரும் ஒரு குடும்பத்தின் மேசையைக் கூடக் கணக்கில் எழுதி, திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தலை வணங்குகிறேன்.

“மரம்?” என்று கேட்டேன். பெரியவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, “அதை எந்த ஒப்பந்தக்காரர் கட்டித்தருவார்?” என்றார்.

ஜூன் 14, சனி

கூட்டமென்றால் கூட்டம். பத்து மணிக்கே வண்டி நிறுத்தும் இடங்கள் நிரம்பத் தொடங்கிவிட்டன. மெக்சிகோ நாட்டுக் குடும்பங்கள் பாட்டி முதல் கைக்குழந்தை வரை வந்து, அடுப்பு மூட்டி, சோள ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசை அம்மா ஒருத்தி, பேத்தி பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்து, எலுமிச்சை பிழிந்த கறி ரொட்டி ஒன்றை நீட்டினார். நாங்கள் சைவம் என்று மகள் சொன்னதும், உடனே சுட்ட சோளக்கதிரை உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுத்தார். மெரினா கடற்கரைச் சோளம் கெட்டது போங்கள்!

படகுத்துறையில் ஒரு நல்ல காட்சி. இழுவை வண்டியில் படகோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சீருடை போட்ட இளைஞர்கள் ஒவ்வொரு படகின் அடியையும் எஞ்சினையும் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். வேறு ஏரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒருவகைச் சிப்பி இங்கே புகுந்தால் மதகும் குழாயும் அடைத்துக்கொள்ளும், அதற்காக இந்தச் சோதனை. சுட்டெரிக்கும் வெயில். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, முன்னே புகவில்லை.

படகு இறங்கும் சரிவு மிக நீளம். காரணம் பிறகுதான் புரிந்தது. இனி இந்த ஏரி ஒரே மட்டத்தில் நிற்காது. கொலராடோவில் யார் முதலில் ஆற்று நீரைப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை, 1876ல் எழுதிய மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சாட்ஃபீல்டின் புதுப் பங்குதாரர்கள் பலர் வரிசையில் கடைசி. மழையும் பனியும் தாராளமாக இருக்கும் ஆண்டில் மட்டும் நிறையச் சேமிக்கலாம். வறண்ட ஆண்டில் எடுக்க எடுக்க இறங்கும். அதனால் படகுத்துறையை மிதக்கும்படி அமைத்து, நீரோடு ஏறி இறங்க விட்டிருக்கிறார்கள். மனிதருக்கான வசதி தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். கரையோரச் செடிக்கு அது முடியாது. ஒரு வருடம் முங்கி, ஒரு வருடம் காய்ந்து, கடைசியில் மண்தான் மிஞ்சும். அந்த மண்ணில் நெருஞ்சி.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வால்ஐ (walleye) என்ற மீனைப் பற்றி ஆசையாகப் பேசினார். வசந்தத்தில் வனவிலங்குத் துறையினர் இந்த ஏரியில் வலை போட்டு, அந்த மீனின் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, மாநிலம் முழுக்கக் குஞ்சு விடுகிறார்களாம். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. முகத்தில் வருத்தமும் இல்லை.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். இட்லி, மிளகாய்ப்பொடி. கருப்பு வெள்ளையாக, நீண்ட வாலோடு மேக்பை என்ற பறவை ஒன்று மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்து, மகளின் தட்டிலிருந்து ஒரு முழு இட்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பேத்தி சிரித்த சிரிப்பில் நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் கருத்தது. ஐந்தே நிமிடத்தில் காற்று. மேலே புதுக் கூரை உள்ள மேசைகள் சில, அவ்வளவுதான் ஒதுங்க இடம். பட்டாணி அளவில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்ததும் எல்லாரும் ஒரே கூரைக்குள் நெருங்கி நின்றோம். சோளம் கொடுத்த அம்மா தன் துண்டை என் மனைவியின் தலையில் போர்த்தினார். வண்டியின் முன்பக்கத் தகட்டில் சின்னச் சின்னக் குழி. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, “இந்த ஊர்ல இல்லாத வண்டி இல்ல மாமா” என்று விட்டுவிட்டார்.

வரும் வழியில் ஐஸ்கிரீம், ஒன்று ஆறு டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று மகள் தடை போட்டிருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று இங்கே தந்தையர் தினம். காலை ஏழு மணிக்கே கிளம்பி, தெற்குப் பக்கம் ப்ளம் க்ரீக் ஓடை ஏரியில் கலக்கும் பகுதிக்குப் போனோம். நான் கேட்ட பரிசு இதுதான், பெரிய மரம் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். காட்டன்வுட். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், விரல் புதையும் அளவுக்குப் பிளந்த பட்டை. இலை நம் அரச இலைக்குச் சின்னது, ஆனால் அதே மாதிரி லேசான காற்றுக்கும் சலசலக்கிறது. ஜூன் மாதம் விதை வெடிக்கும் காலம். பஞ்சு காற்றில் மிதந்து, பாதை ஓரத்தில் வெள்ளையாகச் சேர்ந்து கிடக்கிறது. ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தால், எள்ளை விடச் சின்ன விதை.

பறவை பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணி, கழுத்தில் தொலைநோக்கி, எங்களுக்குத் தன் தொலைநோக்கியைக் கொடுத்துக் கூழைக்கடாக்களைக் காட்டினார். வெள்ளைக் கூழைக்கடா, அலகு நல்ல ஆரஞ்சு நிறம். வேடந்தாங்கலில் பார்க்கும் சாம்பல் நிறத்தவையை விடப் பெரியவை. காட்டன்வுட் முளைக்கும் விதத்தை அவர்தான் விளக்கினார். ஆறு பெருகி வண்டலைக் கொட்ட வேண்டும். அப்புறம் தண்ணீர் மெல்ல வடிய வேண்டும். அந்த ஈர மணலில், வெயில் படும் இடத்தில் விதை விழ வேண்டும். வேர் இறங்கும் வேகத்துக்குத் தண்ணீரும் இறங்க வேண்டும். எல்லாம் சில வாரத்துக்குள் நடந்தாக வேண்டும், விதைக்கு உயிர் அவ்வளவு நாள்தான். அணை கட்டி வெள்ளத்தை அடக்கிய ஆற்றில் இது எளிதில் நடக்காது. அதனால் கையால் நட்டு, வலை கட்டி, தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டியிருக்கிறது. பெரிய நாரைகள் கூடு கட்டும் உயரத்துக்கு வளர எத்தனை காலம்? அவர் வயதுக்குள் நடக்காது, என் வயதுக்குள் நிச்சயமாக நடக்காது.

முங்கப் போகும் இடத்து மரங்களை முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். விட்டு வைத்தால் வேர் அழுகி, பட்டமரம் மிதந்து படகில் மோதும், மதகை அடைக்கும். பொறியாளனாக எனக்கு அந்தக் காரணம் புரிகிறது, நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். டென்வர் வட்டார ஆடுபன் பறவையியல் சங்கம் 2014ல் இந்தத் திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2017 டிசம்பரில் தோற்றது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றது. தொலைநோக்கிப் பெண்மணி இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. “தோற்ற பிறகும் நாங்கள் பறவை எண்ண வருகிறோம்” என்றார்.

ஈடு செய்த வேலையையும் அவர் குறைத்துப் பேசவில்லை. ப்ளம் க்ரீக்கில் ஆழமாக அறுத்துக்கொண்டு போன ஓடைப்படுகையை மேலே தூக்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் பரவும்படி செய்து, வில்லோவும் காட்டன்வுட்டும் நட்டிருக்கிறார்கள். பிரெபிள் தாவும் எலி என்று ஒரு சின்ன உயிர் இந்த ஓடைகளை நம்பி இருக்கிறது, உடம்பை விட வால் நீளம், வருடத்தில் பாதிக்கு மேல் உறக்கம். 1998 முதல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் சேர்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எலிக்கு வாழ்விடம் கணக்கிட்டுக் கொடுக்கும் அரசு ஆவணத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மதியம் வீட்டில் வத்தக்குழம்பு, அப்பளம். நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றைய தேதிக்கு இந்த ஏரியில் ஒரு பொருள் உண்டு. 1965 ஜூன் 16. சரியாக 60 வருடம். தெற்கே காஸில் ராக் பக்கம் சில மணி நேரத்தில் 14 அங்குல மழை கொட்டியது. நாங்கள் நேற்று உட்கார்ந்திருந்த, காலை நனைத்துக் கடக்கக்கூடிய அந்த ப்ளம் க்ரீக்கில், உச்சத்தில் விநாடிக்கு 1,54,000 கன அடி வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது 29,000 கன அடி என்பது அரசுக் கணக்கு. அதற்கே சென்னை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். இந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் சவுத் பிளாட் ஆறு டென்வருக்குள் புகுந்து பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தில் மொத்தம் 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அணை.

மாப்பிள்ளை விடுப்பு எடுத்திருந்தார். இருவர் மட்டும் போய்க் கரையைப் பார்த்து நின்றோம். 147 அடி உயரம், சுமார் 4 கிலோமீட்டர் நீள மண்கரை. புல் போர்த்தி, மரம் முளைக்க விடாமல், எலிவளை இல்லாமல் பராமரிக்கிறார்கள். நல்ல கரை. அதன் முன்னால் ஏரி சின்னதாகத் தெரிகிறது. பன்னிரண்டு அடி எடுத்துக்கொண்டும் வெள்ளத்துக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பது அங்கே நின்றால்தான் மனதில் பதியும். வெள்ளப் பாதுகாப்பில் கைவைத்துவிட்டார்களோ என்று முதல் நாள் எனக்கு இருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது.

தீராத சந்தேகம் வேறு. திரும்பி வரும்போது ஹைலேண்ட்ஸ் ராஞ்ச் தெருக்களில் தெளிப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுப்பகல், காற்று. பாதித் தண்ணீர் நடைபாதையில் ஓடிச் சாக்கடையில் இறங்குகிறது. யாரும் உட்காராத, யாரும் விளையாடாத புல்வெளி. இந்த வறண்ட பக்கத்தில் வீட்டுத் தண்ணீரில் பாதியளவு வெளியே தோட்டத்துக்குத்தான் போகிறதாம். குடிநீருக்காக நாரை கூடு கட்டும் அளவு வளர்ந்த மரத்தை வெட்டினார்கள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்வேன். இந்தப் புல்லுக்காக என்றால் மனம் ஒப்பவில்லை. வண்டியிலேயே சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வீட்டு முன்னாலும் அதே புல்தான். “குடியிருப்பு சங்கம் விடாது மாமா, புல் பச்சையா இல்லேன்னா கடுதாசி அனுப்புவாங்க” என்றார். மகள் இரவுச் சாப்பாட்டின்போது தேடிப் பார்த்துவிட்டு, 2023ல் கொலராடோ போட்ட சட்டத்தைக் காட்டினாள். தனி வீட்டுக்காரர்கள் தண்ணீர் குறைவாகக் கேட்கும் தோட்டம் போட விரும்பினால் சங்கம் தடுக்க முடியாது, அப்படிப்பட்ட தோட்ட அமைப்புகள் மூன்றையாவது சங்கமே முன்கூட்டி ஒப்புதலோடு வைத்திருக்க வேண்டும்.

மூன்றில் இரண்டாவது எல்லாருக்கும் பிடித்தது. இந்த மண்ணின் புல்வகை, சேஜ் புதர், ஊதாப் பூச்செடி, ஓரத்தில் ஒரு சின்ன மரம். விண்ணப்பத்தை இரவே நிரப்பி அனுப்பிவிட்டார் மாப்பிள்ளை. ஒப்புதல் வந்ததும் தெளிப்பான் குழாயைக் கழற்றும் வேலை என்னுடையது. ஊருக்குத் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது, கடப்பாரை மட்டும் ஒன்று வாங்க வேண்டும்.